இயற்கைக்கும் கணக்கெழுதியவர்

நுழையும்முன்

ஒரு நாட்டின் செல்வத்தை எவ்வாறு அளப்பது? ஓராண்டில் ஆக்கப்பட்ட பொருள்களின் விலையைக் கூட்டிவிட்டால் போதுமா? அப்பொருள்களை ஆக்குவதற்காக அகழப்பட்ட சுரங்கமும், அழிக்கப்பட்ட காடும், சத்திழந்த மண்ணும் கணக்கேட்டின் எப்பக்கத்தில் எழுதப்படவேண்டும்? உலகப் பல்கலைக்கழகங்களில் இன்று தனித்துறையாக வளர்ந்துவரும் வளங்குன்றா அறிவியல் இத்தகைய வினாக்களை ஆராய்கிறது. அத்துறைக்குப் பெயர் சூட்டப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்வினாக்களை எழுப்பி, விடைதேடித் தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழர் ஒருவரின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

காவிரி வளம்கொழிக்கும் தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் பிறந்தார். பின்னாளில் ஜே.சி. குமரப்பா என்று நாடு போற்றிய அறிஞர் இவரே. தந்தையார் சாலமன் துரைசாமி கொர்னேலியஸ், பொதுப்பணித்துறையில் பணியாற்றியவர். தாயார் எஸ்தர் இராசநாயகம். கிறித்தவ நெறியில் தோய்ந்த அக்குடும்பத்தில் ஒழுங்கும் நேர்மையும் இறைப்பற்றும் நிறைந்திருந்தன. இவருடைய தம்பியாகிய பரதன் குமரப்பாவும் பின்னாளில் காந்தியடிகளின் பணிகளில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டவர்.

சென்னையில் கல்வி பயின்ற குமரப்பா, இலண்டன் சென்று கணக்குத் தணிக்கையில் தேர்ச்சி பெற்றார். அந்நகரிலேயே சில ஆண்டுகள் பணியும் ஆற்றினார். தாயின் அழைப்பை ஏற்று 1919இல் தாயகம் திரும்பி, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். மேலைநாட்டு உடை, மேலைநாட்டு உணவு, மேலைநாட்டு நடை ஆகியனவே அந்நாளில் அவருக்கு இயல்பாயிருந்தன. வணிக நிறுவனங்களின் வரவையும் செலவையும் கூர்ந்து நோக்கி, எங்கே பிழை, எங்கே மறைப்பு என்று கண்டறிவதில் அவர் வல்லவராய் விளங்கினார். இத்தொழிற்பயிற்சி அவர்தம் சிந்தனை முழுவதற்கும் அடித்தளமாயிற்று. ஏட்டில் எழுதப்பட்டதை அப்படியே நம்பாமல், எழுதப்படாமல் விடுபட்டது எது என்று தேடுவது தணிக்கையாளரின் கடமையன்றோ?

வறுமையின் வேர்

1927இல் குமரப்பா அமெரிக்கா சென்றார். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையில் பட்டம் பெற்றபின், நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் பயின்றார். இந்தியா ஏன் வறுமையுற்றது என்னும் பொருள்பற்றி அவர் ஆற்றிய உரையொன்று நாளிதழில் செய்தியாக வெளிவந்தது. அதனைக் கண்ணுற்ற பேராசிரியர் எட்வின் செலிக்மன், அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு அவரைத் தூண்டினார்.

ஆய்வு முன்னேற முன்னேற, அதுவரை அறியாத ஓர் உண்மை குமரப்பாவுக்குப் புலப்பட்டது. ஆங்கில அரசு இந்திய மக்களிடம் திரட்டிய வரிப்பணத்தின் பெரும்பகுதி படைச்செலவுக்கும் கடன்சுமைக்கும் ஆட்சிச்செலவுக்கும் சென்றது. மக்களின் கல்விக்கும் நலவாழ்வுக்கும் எஞ்சியது சிறுபகுதியே. பிறர் எழுதிய கணக்கேடுகளைச் சரிபார்த்துவந்த இளைஞர், தம் நாட்டின் கணக்கேட்டைத் திறந்து பார்த்தபோது திடுக்கிட்டார். இந்தியாவின் வறுமை ஊழ்வினையால் வந்ததன்று. ஆட்சிமுறையால் வந்தது என்பதை எண்களே அவருக்கு உணர்த்தின. ஆய்வை முடித்துத் திரும்பியவர், 1929இல் கொர்னேலியஸ் என்னும் பெயரை விடுத்துக் குமரப்பா என்னும் குடும்பத்தின் பழம்பெயரை ஏற்றுக்கொண்டார்.

மரநிழலில் ஒரு சந்திப்பு

தம் ஆய்வேட்டை வெளியிடும் முயற்சியே குமரப்பாவைக் காந்தியடிகளிடம் அழைத்துச் சென்றது. 1929ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அவர் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். சாணத்தால் மெழுகப்பட்ட தரையில், மரநிழலில் அமர்ந்து முதியவர் ஒருவர் இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அதுவரை இராட்டையைக் கண்டிராத குமரப்பா, கைத்தடியை ஊன்றிநின்று அதனை வியப்புடன் நோக்கினார். அம்முதியவரே காந்தியடிகள் என அறிந்ததும், மடிப்புக் கலையாத மேலைநாட்டு உடையையும் பொருட்படுத்தாது அத்தரையிலேயே அமர்ந்தார்.

காந்தியடிகள் அந்த ஆய்வேட்டைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். அத்தோடு நில்லாமல், குசராத்தின் சிற்றூர்களுக்குச் சென்று மக்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்து தருமாறும் வேண்டினார். குமரப்பாவுக்குக் குசராத்தி மொழி தெரியாது. எனினும், குசராத் வித்யாபீடத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் அவருக்குத் துணைநின்றனர். கேடா மாவட்டத்தின் மாதர் வட்டத்தில் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று நிலம், விளைச்சல், கால்நடை, கடன், வரி ஆகியன பற்றிய செய்திகளை அக்குழு திரட்டியது. 1931இல் அவ்வாய்வு நூலாக வெளிவந்தது. நூலகத்தில் அமர்ந்து பொருளியல் எழுதிய அறிஞர் பலர் வாழ்ந்த காலத்தில், உழவரின் முற்றத்தில் அமர்ந்து பொருளியல் எழுதியது குமரப்பாவின் தனிச்சிறப்பாகும். ஊர்மக்களைச் செய்தி தருபவர்களாக மட்டும் அவர் கருதவில்லை. தமக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களாகவே கருதினார்.

உப்பு அறப்போர்க் காலத்தில் யங் இந்தியா இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றமைக்காகக் குமரப்பா சிறைசென்றார். 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரைக் கடும் நிலநடுக்கம் தாக்கியபோது, இராசேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த துயர்துடைப்புக் குழுவின் நிதிக்கணக்கைப் பேணும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. துயருற்றோர்க்கென ஈட்டிய பணத்திலிருந்து காந்தியடிகளின் பயண, உணவுச் செலவுகளைத் தர இயலாது என்று அவர் உறுதியாக மறுத்தார். அவருடைய கணக்கில் பெரியோர், சிறியோர் என்னும் வேறுபாடு இல்லை. காந்தியடிகளும் அந்நேர்மையை மதித்து ஏற்றுக்கொண்டார்.

மகன்வாடி என்னும் ஆய்வுக்கூடம்

1934 டிசம்பரில் அனைத்திந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் செயலாளராகவும் அமைப்பாளராகவும் குமரப்பா பொறுப்பேற்றார். வார்தா நகரின் மகன்வாடி அச்சங்கத்தின் தலைமையிடமாயிற்று. எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, கைத்தாள், பனைவெல்லம், மட்பாண்டம் எனச் சிற்றூர்த் தொழில்கள் பலவும் அங்கு ஆராயப்பட்டன. பழமையைப் பழமை என்பதற்காகவே போற்றும் இடமாக அது அமையவில்லை. செக்கின் அமைப்பை மாற்றினால் மாட்டின் சுமை குறையுமா, எண்ணெய் கூடுதலாகக் கிடைக்குமா என்று செய்துபார்த்து, அளந்து, திருத்தி, மீண்டும் செய்துபார்க்கும் இடமாகவே அது திகழ்ந்தது.

ஒவ்வொரு தொழிலையும் குமரப்பா முழுமையான கணக்கோடு அணுகினார். அரிசியை ஆலையில் தீட்டினால் அது வெண்மை பெறுகிறது. ஆயின், தவிட்டோடு உயிர்ச்சத்தும் நீங்குகிறது. அதனால் விளையும் நோயின் செலவை ஆலையின் கணக்கேடு காட்டுவதில்லை. மண்ணெண்ணெய் விளக்கு மலிவாகத் தோன்றுகிறது. அதற்குரிய பணமோ ஊரைவிட்டு வெளியேறுகிறது. ஆகவே, தாவர எண்ணெயால் எரியும் மகன்தீபம் என்னும் விளக்கு மகன்வாடியில் உருவாக்கப்பட்டது. கரும்பு நல்ல நன்செய் நிலத்தையும் நிறைந்த நீரையும் வேண்டுவது. பனையோ தரிசில் தானே வளர்வது. பனைவெல்லத்தைப் பெருக்கினால், கரும்பு விளையும் நிலம் உணவுத் தானியத்துக்குக் கிடைக்கும் என்று அவர் எடுத்துரைத்தார். உழவு இயந்திரம் விரைந்து உழும். ஆனால், மாட்டைப்போல் சாணம் தந்து மண்ணை வளப்படுத்தாது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். விலைச்சீட்டில் காணப்படாத செலவுகளையும் பயன்களையும் தேடிச் சேர்ப்பதே அவருடைய பொருளியலாகும்.

சிறையில் மலர்ந்த நூல்

1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் நாடெங்கும் கனன்றது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் குமரப்பா மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையில் நூலகமோ புள்ளிவிவரங்களோ இல்லாத நிலையில் அவர் இரு நூல்களை எழுதினார். ஒன்று, இயேசுபிரானின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று, நிலைபேற்றுப் பொருளியல் என்னும் பொருள்படும் எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ். 1945இல் இவ்விரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். கிராமத் தொழில்களின் முனைவர் என்னும் பட்டத்தையும் அவருக்கு அன்போடு சூட்டினார்.

நிலைபேற்றுப் பொருளியலுக்குக் குமரப்பா இயற்கையையே பாடநூலாகக் கொண்டார். உயிர்கள் தம் தேவையை நிறைவுசெய்துகொள்ளும் முறைகளை உற்றுநோக்கி, அவற்றை ஐந்தாகப் பகுத்தார்.

முதலாவது, ஒட்டுண்ணிப் பொருளாதாரம். ஆட்டைக் கொன்று தின்னும் புலியைப்போல, பயன்தரும் மூலத்தையே அழித்து வாழ்வது இது. இரண்டாவது, கொள்ளைப் பொருளாதாரம். மாந்தோப்பில் புகுந்த குரங்கு, நட்டதும் இல்லை, நீர்விட்டதும் இல்லை, பழத்தை மட்டும் பறித்துக்கொள்கிறது. மூன்றாவது, முயற்சிப் பொருளாதாரம். தேனீ பூவிலிருந்து தேனைப் பெறுகிறது. பூவின் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுகிறது. பெறுவதற்கு ஈடாக ஒன்றைத் தருவது இதன் இயல்பு. நான்காவது, கூட்டுப் பொருளாதாரம். தேனீ திரட்டும் தேன் தனக்கு மட்டும் உரியதன்று, கூட்டுக்கே உரியது. ஐந்தாவது, தொண்டுப் பொருளாதாரம். தாய்ப்பறவை குஞ்சுக்கு இரைதேடிப் பறக்கிறது. கைம்மாறு எதனையும் அது எதிர்நோக்குவதில்லை. முதல் இரண்டும் நிலையற்றவை, வன்முறையை வளர்ப்பவை. பின்னவை படிப்படியாக நிலைபேற்றை நோக்கி உயர்பவை. மனிதர் எப்படியில் நிற்கிறார்கள் என்பதை அவர்களே தேர்ந்துகொள்ளலாம் என்பது குமரப்பாவின் உறுதிப்பாடு.

தேக்கமும் ஓட்டமும்

இந்நூலின் உயிர்நாடியான கருத்து ஒன்றுண்டு. இயற்கை வளங்களைக் குமரப்பா இருவகைப்படுத்தினார். நிலக்கரி, பெட்ரோலியம், இரும்புத்தாது, செம்புத்தாது போன்றவை ஓர் அளவோடு முடிபவை. எடுக்க எடுக்கக் குறைபவை. இவற்றை நம்பி நடப்பது தேக்கப் பொருளாதாரம். ஓடும் ஆற்றின் நீரும், வளரும் மரமும், விளையும் பயிரும் மீண்டும் மீண்டும் தம்மைப் புதுப்பித்துக்கொள்பவை. இவற்றை அளவறிந்து பயன்படுத்துவது ஓட்டப் பொருளாதாரம்.

தணிக்கையாளரின் மொழியில் கூறுவதாயின், முன்னது முதலைச் செலவிட்டு உண்பது; பின்னது வருவாயில் உண்பது. ஒரு வணிகர் தம் கடையின் முதலை எடுத்துச் செலவிட்டுவிட்டு, அதனை இலாபம் என்று எழுதினால், எந்தத் தணிக்கையாளரும் அக்கணக்கை ஏற்கமாட்டார். நாடுகளோ பூமியின் முதலை அகழ்ந்து விற்றுவிட்டு, அதனை வளர்ச்சி என்று எழுதிக்கொள்கின்றன. இதனைப் பிழை என்று காட்டியதே குமரப்பாவின் கொடை.

அவர் அத்தோடு நிற்கவில்லை. அளவோடு முடியும் வளங்களை நாடும் நாடுகளுக்குள் போட்டி எழும், போட்டி பகையாகும், பகை போராக முற்றும் என்று எச்சரித்தார். உலகப்போரின் நடுவில், சிறைக்குள் இருந்து எழுதியவர் அவர். எனவே, அவருக்கு வளத்தின் நிலைபேறும் உலகின் அமைதியும் இருவேறு பொருள்களாகத் தோன்றவில்லை.

கருத்தளவில் நில்லாமல் திட்டமும் வகுத்தார். ஓர் இலட்சம் மக்கள் வாழும் பகுதிக்கு வேண்டிய தானியம், பருப்பு, காய்கறி, பால், எண்ணெய், பருத்தி ஆகியவை எவ்வளவு, அவற்றை விளைவிக்க எவ்வளவு நிலம் ஒதுக்கவேண்டும் என்பதை அட்டவணையாக்கினார். சந்தை விலைக்கேற்பப் பயிரிடாமல், மக்களின் ஊட்டத்துக்கும் மண்ணின் ஆற்றலுக்கும் ஏற்பப் பயிரிடும் சமச்சீர் வேளாண்மையே அத்திட்டத்தின் நோக்கம்.

தெரிந்து தெளிவோம்

செருமனியின் சாக்சனி நாட்டில் சுரங்கத்துறை அலுவலராக விளங்கியவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்சு. வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உருக்குலைகளுக்கும் விறகு வெட்டப்பட்டதால் காடுகள் அருகிவருவதை அவர் கண்டார். வெட்டும் அளவு வளரும் அளவை விஞ்சலாகாது என்னும் கருத்தை 1713இல் வெளிவந்த தம் காடு வளர்ப்பு நூலில் வலியுறுத்தினார். வளங்குன்றாப் பயன்பாடு என்னும் கருத்தின் எழுத்துவடிவத் தொடக்கங்களுள் ஒன்றாக அந்நூல் கருதப்படுகிறது.

விடுதலைக்குப்பின்

நாடு விடுதலை பெற்றபின் காங்கிரசு அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைமை ஏற்றார். 1949இல் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. இடைத்தரகர் ஒழிக்கப்படவேண்டும், உழுபவருக்கே நிலம் உரியதாகவேண்டும், நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்பன அதன் முதன்மையான பரிந்துரைகள்.

எனினும், நாடு தேர்ந்தெடுத்த பாதை வேறாயிற்று. பேரணைகளும் பெருந்தொழிற்சாலைகளும் வளர்ச்சியின் அடையாளங்களாயின. நூற்றாண்டுக்கணக்கான பஞ்சத்திலிருந்து மீளத் துடித்த ஒரு நாட்டின் தலைவர்களுக்கு விரைவே முதன்மையாகப் பட்டது. குமரப்பாவுக்கோ திசையே முதன்மையாகப் பட்டது. தம்மோடு சிறையிருந்தவர்களே ஆட்சிப்பொறுப்பில் அமர்ந்திருந்தபோதிலும், மாறுபட்ட கருத்தை எடுத்துரைக்க அவர் தயங்கவில்லை, பதவிகளை நாடவுமில்லை. தேசிய அரங்கிலிருந்து அவருடைய குரல் மெல்ல மெல்ல ஒதுங்கியது.

உடல்நலம் குன்றிய நிலையில், மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தில் சிறுகுடில் ஒன்றில் அவர் தம் இறுதிக்காலத்தைக் கழித்தார். அக்குடிலில் ஏழைச் சிற்றூரவர் ஒருவரின் படத்தை வைத்திருந்தார். காந்தியடிகள் தமக்குத் தலைவர். அந்த எளியவரோ தம் தலைவருக்கும் தலைவர் என்று அவர் கருதினார். காந்தியடிகள் மறைந்த அதே நாளான சனவரி 30ஆம் நாள், 1960ஆம் ஆண்டில் சென்னையில் குமரப்பா இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு அகவை 68.

வளங்குன்றா அறிவியலின் தோற்றம்

குமரப்பா மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் உலகின் நோக்கு மாறத் தொடங்கியது. 1972இல் மாந்தச் சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு ஸ்டாக்ஹோமில் கூடியது. அவ்வாண்டிலேயே வெளிவந்த வளர்ச்சியின் எல்லைகள் என்னும் ஆய்வு நூல், அளவுடைய பூமியில் அளவிறந்த வளர்ச்சி இயலுமா என்னும் வினாவைக் கணினியின் துணையோடு எழுப்பியது. 1973இல் பொருளியலறிஞர் ஈ.எஃப். சூமாக்கர் வெளியிட்ட ஸ்மால் ஈஸ் பியூட்டிஃபுல் என்னும் நூல் உலகப்புகழ் பெற்றது. அந்நூலில் அவர் குமரப்பாவின் சிந்தனையை எடுத்தாண்டுள்ளார். கல்லுப்பட்டிக் குடிலில் அடங்கிய குரல் இவ்வாறு கடல் கடந்து ஒலித்தது.

1987இல் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான உலக ஆணையம், வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராவண்ணம் நிகழ்காலத் தேவையை நிறைவுசெய்வதே வளங்குன்றா வளர்ச்சி என்று வரையறுத்தது. இவ்விலக்கை அடைவதற்குரிய அறிவை எத்துறை தரும்? சூழலியல் இயற்கையை அறிந்திருந்தது. பொருளியல் சந்தையை அறிந்திருந்தது. சமூகவியல் மக்களை அறிந்திருந்தது. இவற்றை இணைத்து நோக்கும் துறை அமையவில்லை. அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 1999இல் வெளியிட்ட அறிக்கை இத்தேவையை வலியுறுத்தியது. 2001இல் இராபர்ட் கேட்ஸ், வில்லியம் கிளார்க் உள்ளிட்ட 23 அறிஞர்கள் சயன்ஸ் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, வளங்குன்றா அறிவியல் என்னும் புதிய துறையின் அடிப்படை வினாக்களை வகுத்தளித்தது. 2006இல் இத்துறையின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. பல்கலைக்கழகங்களில் இதற்கெனத் தனிப்புலங்கள் தோன்றின. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டது.

இயற்கையும் சமூகமும் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்று ஆராய்தல், குறிப்பிட்ட இடத்தை மையமாகக்கொண்டு ஆராய்தல், பல துறை அறிவை இணைத்தல், மக்களின் பட்டறிவை மதித்தல், கண்ட அறிவைச் செயலோடு பிணைத்தல் என்பன இத்துறையின் அடிப்படைப் பண்புகள். இத்துறை குமரப்பாவிடமிருந்து பிறந்தது என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அதற்கு வேர்கள் பல. ஆயின், மாதர் வட்டத்தின் முற்றங்களிலும் மகன்வாடியின் பட்டறைகளிலும் குமரப்பா கையாண்ட முறைக்கும் இத்துறையின் முறைக்கும் உள்ள ஒப்புமை வியக்கத்தக்கது.

குமரப்பாவின் கருத்துகள் அனைத்தையும் இன்றைய உலகம் அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. பெருகிவிட்ட மக்கள்தொகைக்கும் மாறிவிட்ட தொழில்நுட்பத்துக்கும் ஏற்ப அவை மீளாய்வுக்கு உரியனவே. செக்கைத் திருத்திப் பார்த்து, அளந்து, மீண்டும் திருத்திய அவர், தம் கருத்துகளும் அவ்வாறு ஆராயப்படுவதையே விரும்பியிருப்பார். ஆனால், அவர் எழுப்பிய வினா பழையதாகவில்லை. காலநிலை மாற்றமும் நிலத்தடி நீரின் வீழ்ச்சியும் மண்வளச் சிதைவும் அவ்வினாவை நாள்தோறும் நம்முன் நிறுத்துகின்றன. நாம் உண்பது வருவாயையா, முதலையா? ஒவ்வொரு தலைமுறையும் தன் கணக்கேட்டைத் திறந்து, இவ்வினாவுக்கு நேர்மையான விடையை எழுதக் கடமைப்பட்டுள்ளது.